நரிமயிரில் நீ கட்டிய தூண்டில்

என் ஆசை மச்சாள் ஜெயந்திக்கு,

உனக்குச் சொல்ல வேண்டிய புதினம் ஒன்று இருக்கிறது. யாரிடம் சொன்னாலும் அரைவாசிதான் விளங்கும். முழுதாக விளங்கக்கூடியவள் நீ ஒருத்திதான் என்பதால் உனக்கே எழுதுகிறேன். இதை மற்றவர்களும் வாசிக்கட்டும். நீ எப்படிப்பட்ட ஆள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

முதலில் அந்தக் கோட்டு விஷயம். சுவிசின் இந்தப் பீல் நகரத்தில் பழைய சாமான் விற்கும் கடையிலிருந்து ஒருநாள் நீ ஒரு தடித்த மண்ணிறக் கோட்டோடு வந்தாய். கழுத்தில் உண்மையான நரித்தோல் வைத்துத் தைத்த பழங்காலத்துக் கோட்டு. உனக்கு அது இரண்டு அளவு பெரிது. 'இதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகப் போறியோ?' என்று கேட்டேன். நீ கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்துப்பட்டியை மட்டும் வெட்டினாய். மிச்சக் கோட்டை என்னிடம் நீட்டினாய்.

"இந்தா மச்சாள், உனக்குத்தான் எப்பவும் குளிருறது. எனக்கு மயிர் காணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பகல் முழுக்க மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், கண்ணில் பூதக்கண்ணாடியும் கையில் சின்ன இடுக்கிச் சாமணமுமாக, அரிசி முனையிலும் சிறிய திருகாணிகளோடு இருக்கிறவள் நீ. வீட்டுக்கு வந்தும் அதே சாமணத்தை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் குந்தினாய். தூண்டில் கடையில் வாங்கிய, மீனை ஏமாற்றும் பொய் இரையான ஒரு ஜிக்கை உன் முன்னால் வைத்திருந்தாய். ஒரு கொளுக்கி, அதன் தலையில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் குண்டு, தண்டில் நூலால் கட்டிய மயிர்க்கற்றை. அவ்வளவுதான் அது. அதைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாய். நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது, மயிரை எங்கே வைத்து இறுக்கியிருக்கிறார்கள் என்றெல்லாம் ஒரு மணிக்கூட்டைக் கழற்றிப் பார்ப்பது போலப் பார்த்தாய். பிறகு நரிமயிரில் ஒரு சிட்டிகை எடுத்து, சட்டை தைக்கிற பட்டு நூலால் உன்னுடையதைக் கட்டினாய். குண்டுக்கு என் சிவப்பு நகப்பூச்சு.

உனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

'ஏனடி உனக்கு இந்த வேலை?' என்று கேட்டதற்கு, "நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தைத்தான் பார்க்கிறன். கண்ணுக்குக் கொஞ்சம் பெரிய இடம் வேணும்" என்றாய். ஏரிக்கரைக்குப் போனாய். கோடையில் அங்கே சனம், பாட்டு, படகு. குளிர்காலத்தில் யாருமில்லை. அதனால் குளிர்காலத்தைப் பிடித்துக்கொண்டாய். ஆனால் குளிர்காலத்தில் எக்லி மீன் எளிதில் வாய் திறக்காது. பச்சை முதுகும் கறுப்புக் கோடும் சிவப்புச் செட்டையுமாக இருக்கும் அந்த மீன், தண்ணீர் குளிர்ந்ததும் ஆழத்துக்குப் போய், அசைவதற்கே பஞ்சிப்பட்டுக் கிடக்கும். கரையில் நின்ற ஆண்கள் இரைக்கு ரப்பர் மீன்களை மாட்டித் தூக்கித் தூக்கிப் போட்டு வெறுங்கையோடு போனார்கள்.

நீ வீட்டில் பெரிய கண்ணாடிச் சாடியில் தண்ணீர் நிறைத்து, ஐஸ் கட்டிகளைப் போட்டு, கடை ரப்பரையும் உன் நரிமயிரையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தாய். என்னையும் என் கணவரான உன் அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினாய். ரப்பர் குளிரில் விறைத்துக் கட்டை போல நின்றது. மயிர் மட்டும் கை அசையாமலே மெல்ல விரிந்து மெல்ல ஒடுங்கியது.

"பாருங்கோ அண்ணை, மூச்சு விடுது. நாங்கள் ஆட்டத் தேவையில்லை. சும்மா பிடிச்சுக்கொண்டு நிண்டாலே காணும்."

உன் அண்ணன் என்னைப் பார்த்து, "இவளுக்கு விசர்" என்றார். ஆனால் அவர்தான் அன்று நெடுநேரம் அந்தச் சாடிக்கு முன்னால் நின்றார்.

பிறகு நீ செய்ததெல்லாம் மயிரைக் குறைத்ததுதான். கட்டுவாய், சாடியில் விடுவாய், எடுத்துச் சாமணத்தால் சில இழைகளை உருவுவாய், மறுபடி விடுவாய். "கூட வைச்சால் தும்புத்தடி மாதிரி இருக்கு" என்று முணுமுணுப்பாய். கடைசியில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியிற அளவுக்குத்தான் மயிர் மிஞ்சும். மீன் வழுவாமல் பிடிக்கிற கொளுக்கியின் எதிர்முள்ளை இங்கத்தைய சட்டப்படி நசுக்கி மட்டமாக்குவாய். மீன்பிடி அனுமதிக்கான சோதனையை ஜெர்மனில் எழுதிப் பாஸ் பண்ணினாய். நான் உனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உன்னோடு படகுத்துறைக்கு வருவேன். மரமேடையின் நுனியில் நீ தூண்டிலோடு நிற்பாய், நான் கழுத்தில்லாத அந்தக் கோட்டோடு நடுங்குவேன். ஊர்க்கதை கதைப்போம். இடையில் நீ "உஷ்" என்பாய். தூண்டில் நூலான தங்கூசியில் ஒரு சின்ன இழுவைகூட இருக்காது. கொஞ்சம் பாரம் கூடினது போல இருக்குமாம். அதை எப்படித்தான் கண்டுபிடித்தாயோ! நீ தூக்கினால் எக்லி.

கோயிலில் ஒரு மாமி எல்லாருக்கும் கேட்க, "மீன்பிடிக்கவே பிள்ளை சுவிசுக்கு வந்தனீர்?" என்று கேட்டா. எனக்கு முகம் சுருங்கிப் போனது. நீயோ சிரித்துக்கொண்டே, "ஓம் மாமி. வெள்ளிக்கிழமை இல்லாத நாளாய்ப் பார்த்துக் கொண்டுவந்து தாறன். பொரிச்சுச் சாப்பிடுங்கோ, நல்லாயிருக்கும்" என்றாய். சொன்னபடி கொண்டுபோயும் கொடுத்தாய். அந்த மாமி இப்போதும் உன்னைப் பற்றிக் கேட்டால் அந்த எக்லியைத்தான் சொல்கிறா.

ஊலியை நினைவிருக்குமா? எப்படி இல்லாமல் போகும்! பென்ஷன் எடுத்த தபால்காரர். நீலக் கம்பளித் தொப்பி. முதலில் 'க்ரூயெசெக்' என்று வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றவர், நீ மீனுக்கு மேல் மீன் தூக்குவதைப் பொறுக்காமல் ஒருநாள் கிட்ட வந்தார்.

"அதில் என்ன கட்டியிருக்கிறீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"மயிர்."

"யாருடைய மயிர்?"

"நரியுடையது. ஒரு சீமாட்டியின் கழுத்தில் இருந்தது" என்றாய். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஞாயிறு வெட்கத்தோடு வந்து, தனக்கும் ஒன்று தரமுடியுமா என்று கேட்டார். உன்னிடம் இருந்ததிலேயே நல்லதைக் கொடுத்தாய்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. வடகிழக்கிலிருந்து பீஸ் என்கிற குளிர்காற்று ஏரியைக் கிளப்பி அடித்துக்கொண்டிருந்தது. மேடைப் பலகையில் தெறித்த தண்ணீர் அப்படியே கண்ணாடியாக உறைந்திருந்தது. ஊலியின் ஜிக் மேடைக்குக் கீழே ஏதோ கட்டையில் மாட்டிக்கொண்டது. புதிதாகக் கிடைத்ததை இழக்க மனமில்லாமல் குனிந்து தங்கூசியைக் கையால் இழுத்தார். 'விடுங்கள், விடுங்கள், வேறு தருகிறேன்' என்று நீ சொல்லி முடிக்கவில்லை. சறுக்கி விழுந்துவிட்டார். ஒரு சத்தம்தான். தொப்பி மட்டும் மேலே மிதந்தது.

நான் அலறினேன். நீ அலறவில்லை. பலகையில் குப்புறப் படுத்து, அவர் மேலே வந்த கணத்தில் கோட்டுக் கழுத்தைப் பிடித்துவிட்டாய்.

"மச்சாள், என்ரை காலில ஏறி இரு! எழும்பாதை! போனை எடு!"

உன் காலில் ஏறி இருந்துகொண்டு நான் அம்புலன்ஸுக்கு அடித்தேன். என் ஜெர்மன் எல்லாம் மறந்துபோய் 'ஏரி, மனிதர், தண்ணீர்' என்று கத்தினேன். நீ ஒரு கையால் அவரைப் பிடித்தபடி மற்றக் கையால் உன் கம்பளிச் சால்வையை உருவி, அவருடைய அக்குளுக்குக் கீழே விட்டெடுத்து, படகு கட்டுகிற இரும்பு வளையத்தில் முடிந்தாய். உறைகிற தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டு முடிந்தாய். அவர் கண் சொருகத் தொடங்கியது. நீ விடவில்லை.

"ஊலி! உங்கள் பேரப்பிள்ளைகளின் பெயர் என்ன? சொல்லுங்கள். மூத்தது யார்? அடுத்தது?"

அவர் சொன்னார். மறுபடி மறுபடி சொல்ல வைத்தாய். நாயோடு நடக்க வந்த ஒரு சோடி ஓடிவந்து, எல்லாருமாக இழுத்து மேலே போடும்வரை அவரைச் சொல்ல வைத்தாய். உன் உதடு நீலமாகி இருந்தது. 'பயமாய் இருக்கேல்லையோ?' என்று பிறகு கேட்டேன். "நீ காலில இருந்தனிதானே" என்றாய். அந்த ஒரு வசனத்தில் எனக்கும் பங்கு தந்துவிட்டாய். உன் குணமே அதுதான்.

ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கப் போனபோது அவர் முதல் சொன்ன வார்த்தை: "உங்கள் ஜிக் போய்விட்டது, மன்னியுங்கள்." நீ கைப்பையைத் திறந்து இன்னொன்றை எடுத்து மேசையில் வைத்தாய். விரல்கள் விறைப்பு மாறாமல், வேலையில் சாமணம் பிடிக்கவே கஷ்டப்பட்ட கிழமையில் அதை எப்படிக் கட்டினாய்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்து வந்த இலையுதிர்காலத்தில், வேலை மேசையிலேயே, தலை வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தாய். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. உன்னால் அந்த மனிதருக்குக் கிடைத்த நேரம் உனக்கு ஏன் கிடைக்கவில்லை? இதை யாரிடம் கேட்பது, ஜெயந்தி?

உன் செத்தவீட்டுக்கு ஊலி மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நம் ஆட்களுக்கு நடுவில் வரிசையாக நின்று, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை உனக்குச் சொன்னது. நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

உன் அண்ணன் அழவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அதில்தான். உன் பெயரை வீட்டில் எடுக்கவே இல்லை. மீன் சாப்பிடுவதை விட்டார். ஏரிப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறமாட்டார், சுற்றிப் போவார். நான் உன் பெயரைச் சொன்னால் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி. தங்கச்சியை இழந்த மனிதரிடம் என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நானே கட்டத் தொடங்கினேன். உன் நரித்துண்டில் மிச்சம் இருந்தது. முதல் கட்டியவை அவிழ்ந்து விழுந்தன. பிறகு கட்டியவை செத்த எலி மாதிரி இருந்தன. நீ சிரித்திருப்பாய். சோதனையும் எழுதினேன், இரண்டாம் தரம்தான் பாஸ். ஊலியோடு துறைக்குப் போனேன். அவர் இப்போது மேடையின் நடுவில் நின்றுதான் தூண்டில் போடுகிறார், விளிம்புக்கு வருவதில்லை. பல ஞாயிறுகள் எனக்கு ஒன்றும் கடிக்கவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் கட்டிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டி, நான் கட்டியதை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"மயிர் கூடிப்போச்சு, சாந்தா" என்றார். "அவள் இவ்வளவு வைக்கமாட்டாள்."

அவரே சாமணத்தை எடுத்து இழை இழையாக உருவினார். பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நாளைக்கு நானும் வரட்டோ?" என்று கேட்டார்.

வந்தார், ஜெயந்தி. இதுதான் நான் சொல்ல வந்த புதினம். மேடைப் பலகையில் கால் வைக்க முதல் கொஞ்சம் தயங்கினார். ஊலி தன் கையை நீட்டினார், உன் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் தூண்டிலை அவரிடம் கொடுத்தேன், என் பெயரில் எடுத்த அனுமதி என்றாலும். சட்டம் தெரிந்த நீ என்னை மன்னித்துக்கொள். அசைக்காமல் பிடிக்கச் சொன்னேன். காத்திருந்தோம். காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது.

"பாரமாய்க் கிடக்குது" என்றார் திடீரென்று. "மாட்டிட்டுது போல."

"மாட்டேல்லை, தூக்குங்கோ!"

தூக்கினார். நல்ல பெரிய எக்லி, முள்முதுகை விரித்துக்கொண்டு வந்தது. உன் அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஏரியைப் பார்த்து, கரையில் நடந்து போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, "ஜெயந்தி! எடியேய் ஜெயந்தி!" என்று கூப்பிட்டார். அப்படியே பலகையில் குந்தி அழத் தொடங்கினார். நானும் ஊலியும் இரண்டு பக்கமும் இருந்தோம். யாரும் எழும்பச் சொல்லவில்லை. அழுது முடித்தபின் அவராகவே எழும்பினார். வீட்டுக்கு வந்து மீனைத் தானே வெட்டி, மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்து, சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே உன்னைப் பற்றிக் கதைத்தார். நீ ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்து மணிக்கூட்டைக் கழற்றி வாத்தியாரிடம் அடி வாங்கிய கதை எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது!

இந்தக் கிழமை அவர் அனுமதிச் சோதனைக்குப் பதிந்திருக்கிறார். படிப்பிக்கிற பொறுப்பு என்னுடையது. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: உன் அண்ணனை இனி நான் பேசாமல் இருக்க விடமாட்டேன். நம் வீட்டில் உன் பெயர் தினமும் கேட்கும்.

உன் அண்ணனின் மனைவி,
உன் மச்சாள்,
சாந்தா
பீல்