மாரியம்மாக்காவுக்குக் கொடுத்த மீன்

ஐப்பசி 6, வியாழன். ராஜபாளையம்.

மலை ஓடையில் குஞ்சு விடுவதற்காகப் பண்ணையில் வளர்க்கும் கெண்டைகளில் ஆண் மூன்றுதான். மூன்றும் பருவத்துக்கே வரவில்லை என்று போன வாரம் எழுதி அனுப்பியவன் நான். ஏனென்று தெரிய ஒன்றை அறுத்துப் பார்க்க மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை பெரியதைப் பிடித்தேன். தொட்டி கழுவும் மாரியம்மாக்கா அதன் நெஞ்சுத் துடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

“சார், துடுப்பு சொரசொரங்குது. இது பருவத்துக்கு வந்துட்டு. இத விட்டுட்டு வேறொண்ண அறுக்கலாம்.”

நானும் தடவினேன், ரப்பர் கையுறையோடு. பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண்கள் இருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “எனக்கு ஒன்னும் தெரியலையே. நீங்க தொட்டியக் கழுவுங்கக்கா” என்றேன். கையுறையைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அறுத்தேன். விந்துப்பை முற்றி, வெள்ளை வெளேரென்று பருத்துக் கிடந்தது. யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு பக்கத்துப் பையை மட்டும் எடுத்து மருந்துப் புட்டியில் போட்டு மூடினேன்.

“என்ன சார், நாஞ் சொன்னது சரிதானா?” என்று தொட்டிக்குள்ளிருந்து கேட்டாள்.

“இல்லக்கா. முத்தல.”

“அப்போ என் கைதான் தப்பு” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது. சாயங்காலம் மீனைத் தாளில் சுற்றி, குழம்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு கான்சாபுரம் பஸ் ஏறினாள்.

படுத்த பிறகுதான் உறைத்தது. மறுபக்கத்துப் பை மீனுக்குள்ளேயே இருக்கிறது. அக்கா இந்நேரம் மீனை ஆய்ந்து முடித்திருப்பாள்.