மூன்றாம் கம்ப்யூட்டரில் மறைத்தது

மரக்காணம்
18.8.2005

அன்பு மகள் ஜெர்லினுக்கு நைனா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா? ஆறு மாதமாக வழக்கத்துக்குக் கேட்டேன், இன்று நிஜமாகவே கேட்கிறேன்.

சுனாமித் தண்ணீர் ஏறிய பாத்திகளில் உப்பு இன்னும் வெள்ளையாக விளையவில்லை, கூலிக்குப் போகும் உன் அம்மாவுக்குக் காலெல்லாம் வெடிப்பு. நம் பிரவுசிங் சென்டரையும் உப்புக்காற்று விடவில்லை, மூன்றாம் கம்ப்யூட்டரின் மவுஸ் நகரமாட்டேன் என்கிறது. காலண்டர் தாளில் நீ எழுதிச் சுவரில் ஒட்டிய கீ விவரத்தை வைத்துத்தான் காலம் ஓடுகிறது. விண்டோஸ் கீயும் டி-யும் சேர்த்து அழுத்தினால் திரையில் உள்ளதெல்லாம் மறையும், மறுபடி அழுத்தினால் அத்தனையும் திரும்பும், ஆல்ட் கீயைப் பிடித்து டேப் தட்டினால் ஒவ்வொன்றாக முன்னால் வரும்.

உன்னைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜெண்ட் பலராமன் தினமும் அந்த மூன்றாம் கம்ப்யூட்டரில்தான் உட்காருவான். நான் டீ கொண்டுபோனால் சட்டென்று எல்லாவற்றையும் மறைப்பான். நமக்கென்ன என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை செல்போன் அடிக்க, மறைத்துவிட்டு வெளியே போனான். மேசை துடைத்த நான் சும்மா இராமல் அதே இரண்டு கீயை அழுத்தினேன். உன் தையல் கம்பெனி வேலைக்கான ஆர்டர், அதே முத்திரை, அதே கையெழுத்து, பெயர் போடும் இடம் மட்டும் காலி. டேப் தட்டினேன், அதே ஆர்டர் நம் தெரு சவரியம்மாள் மகள் பெயரில். இன்னொரு முறை தட்டினேன், உன் மெயில் திறந்திருந்தது. "அன்புள்ள அப்பாவுக்கு, நான் மிகவும் நலம், போன் செய்ய இங்கு அனுமதி இல்லை" என்று பாதியில் நின்றிருந்தது. எல்லாவற்றையும் மறைத்துவிட்டு வந்தேன். ஒரு மணி நேரத்தில் அதே மெயில் நீ அனுப்பியதாக எனக்கு வந்தது. நீ என்றைக்கம்மா என்னை அப்பா என்று கூப்பிட்டாய்? மெயிலில் அப்பா என்று வந்தபோதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம் என்று சிரித்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இதுவரை வந்த மெயில்களைப் பிரிண்ட் எடுத்து உன் அம்மா ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள், அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சவரியம்மாளிடம் சொன்னேன். "உம் பொண்ணு மட்டும் சொகமா இருக்கணும், எம் பொண்ணு போவக்கூடாதா? உம் பொண்டாட்டிதான கோயில்ல மெயிலப் படிச்சிக் காட்டுச்சு" என்று கதவைச் சாத்திவிட்டாள். மாதா பிறந்தநாளுக்கு மறுநாள் அவள் மகளுக்கு விமானம். ஆதாரம் இருந்தால் போலீசுக்குக் கூட வருவதாகப் பங்குச் சாமியார் சொல்கிறார். இன்று காலை பலராமன் என் முகத்தையே பார்த்து, "என்னா பெரியவரே, ரெண்டு நாளா டீயே வரல" என்று சிரித்தான். எனக்குப் பயமாக இருக்கிறது ஜெர்லின்.

லீவு முடிந்து குவைத் திரும்பும் கோட்டக்குப்பம் காதர் பாய் கையில் இதைக் கொடுக்கிறேன். "பன்னெண்டு வருஷமா இருக்கேன், இந்தப் பேருல கம்பெனி கேள்விப்பட்டதில்ல, ஆனா தேடாம வுடமாட்டேன்" என்றார். பாஸ்போர்ட் உன்னிடம் இருந்தால் யாரிடமும் கொடுக்காதே. அழைத்தால் பாயோடு புறப்பட்டுவிடு. வயிற்றைக் காயப்போடாதே. பதிலை அவர் தம்பியிடம் கொடு, மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறார். சுவரில் இருந்த தாளைப் பிரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், வரும் பதில் உன் கையெழுத்துதானா என்று அதோடு ஒத்துப் பார்க்கத்தான். வேளாங்கண்ணித் தாய் உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா இருதயநாதன்

மறக்காதே: இந்தத் தாளின் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஒன்றும் எழுத முடியாவிட்டால் நைனா என்று மட்டும் எழுது.