முன்வாசலில் மசினா

மார்ச் 3, செவ்வாய்

படக்காரர்கள் வந்துவிட்டார்கள். பேய்ப்படம். இயக்குநர் டெரிக், அமெரிக்கர். வசனத்தைச் சமோவா மொழிக்கு மாற்றுவது என் வேலை. எங்கள் முன்வாசல் கல்லறையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "வீட்டு வாசல்லயேவா? எப்படித் தூங்குறீங்க?" இங்கே எல்லார் வாசலிலும் உண்டு, பிள்ளைகள் அதன்மேல்தான் விளையாடும், துணிகூடக் காயப்போடுவோம் என்றேன். அவர் நம்பவில்லை.

நான் தூங்குவதில்லை என்பதைச் சொல்லவில்லை. டிமோ பிறந்து ஏழு வாரம். ஏழு வாரமாகப் பின்கதவு வழியாகத்தான் போய்வருகிறேன். வாசலில் இருப்பது என் மூத்தவள், மசினா. காய்ச்சலில் போனபோது மூன்று வயது. வெளிநாட்டில், சுவா நகரத்தில் படித்த நாளில் விடுதித் தோழிகளோடு எத்தனை பேய்ப்படம் பார்த்தேன் — செத்த குழந்தை, புதிதாகப் பிறந்ததன்மேல் பொறாமைப்பட்டுத் திரும்பி வரும். டெரிக்கின் கதையும் அதேதான்.

மார்ச் 5

வசனத்தில் பதினான்காம் பக்கம். தொட்டிலை நோக்கிச் சின்னக் கை நீள்கிறது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

மார்ச் 6

தலைநகர் ஆப்பியாவில் என் தம்பி வீட்டோடு போய்விடலாமா என்று என் கணவர் தனியேலுவிடம் கேட்டேன். ஆஸ்பத்திரி பக்கம் என்று ஒரு பொய்க் காரணம். அவர் வாசலைப் பார்த்தார்.

"அப்போ இவளை யாருகிட்ட விட்டுட்டுப் போறது?"

அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், "சரி, சரி. சனிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லு. போகணும்னா போயிடலாம்" என்றார்.

மார்ச் 10

படப்பிடிப்பு. நாத்தனார் லூசியாவுக்கு ஒரே ஒரு காட்சி. செத்துப்போன மகள் ஜன்னலில் தெரிய வேண்டும், இவள் அலற வேண்டும். மாவு பூசிய சிறுமி எட்டிப் பார்த்தாள். லூசியா இடுப்பில் கைவைத்து, "எங்கேடி போயிருந்தே இவ்வளவு நாளா? சாப்பிட்டியா?" என்றாள். மூன்று தடவையும் இதே கதை.

"பயப்படணுமாம் அக்கா."

"எதுக்குப் பிள்ளே? நம்ம வீட்டுப் பொண்ணுதானே. ராத்திரியில தலையை விரிச்சுப் போட்டுக் கண்ணாடி முன்னால நின்னு ஆவியை வரவழைக்கிற எவளையாவது காட்டச் சொல்லு, கூரை பறக்கக் கத்துறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு நீங்கள் பயப்படுவதே இல்லையா என்று டெரிக் கேட்டார். அதை லூசியாவிடம் கேட்டேன்.

"முகங்கொடுக்காம இருந்தா வருவாங்க," என்றாள் லூசியா, பிஸ்கட்டை மென்றுகொண்டே. "அதுக்குப் பயந்துதானே ஆகணும்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. தெரியாது என்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 11

எட்டு வாரமாக முகங்கொடுக்காமல் இருந்தது நான் — அவள் அம்மா.

மார்ச் 14, சனி

ஊரே வாசல் பெருக்கிக்கொண்டிருந்தது. டிமோவைத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாக வந்தேன். கல்லறையின் ஓடு வெயிலில் சுட்டது. பாயை விரித்து உட்கார்ந்தேன். "உன் தம்பிடி," என்றேன். பாசியைச் சுரண்டினேன். டிமோ பால் குடித்துத் தூங்கினான்.

தனியேலு தோட்டத்திலிருந்து வந்தார். ஆப்பியாவைப் பற்றிக் கேட்டார். தம்பிக்குப் போன் பண்ண வேண்டாம் என்றேன். சேப்பங்கிழங்கை இறக்கி வைத்துவிட்டுக் குடையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதும்வரை அங்கேயே இருந்தேன்.

அவள் வரவில்லை.