தகடு இல்லாத ஜோடி

ஏனுங்க,

நேற்றுக் காலை நான் வேலை பார்க்கிற லாட்ஜில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது என் போன் ஒலித்தது. நீங்கள் கேட்டிருந்த ஷூ உங்கள் அளவில் மறுபடி வந்துவிட்டதாம். ஒன்பதாம் நம்பர், அகலப் பாதம், சாம்பல் நிறம். மாற்று ஜோடி ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று போன வருஷம் என் போனில் நீங்களே பதிந்துவைத்தது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது என்று அந்தக் கடைக்கு யார் சொல்வது? விரிப்பைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நம் மகள் சுதாவை அழைத்துப் பேசலாம் என்றால், நான்கு நாளாக நான் அழைத்தால் அவள் எடுப்பதில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. உங்கள் அப்பா அதே நோயில் ஒரு காலை இழந்து, ஆறு வருஷம் கட்டிலில் கிடந்ததைப் பார்த்தவர் நீங்கள். மறுநாள் விடிந்ததும் எஸ்டேட் கேட்டிலிருந்து கரடியூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தீர்கள். சில மாதங்களில் நடை ஓட்டமானது. போகும்போது தார் ரோடு. திரும்பும்போது காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்குகிற பாதை, வழியெல்லாம் கல்லும் வேரும். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் அரைக்கால் சட்டையில் ஓடுகிறார் என்று முதலில் சிரித்த தோட்டத்துப் பெண்கள், பிறகு நீங்கள் கடந்து போவதை வைத்தே மணி சொன்னார்கள். சர்க்கரை இறங்கியது. சேலத்து டாக்டர் மற்ற நோயாளிகளிடம் உங்களைக் காட்டிப் பேசினார். "எங்கப்பனாட்டப் படுத்துக் கெடக்க மாட்டேன் புள்ள" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வீர்கள்.

ஷூ விஷயத்தில்தான் நீங்கள் ஓயவில்லை. முதலில் வாங்கியது பஞ்சு மாதிரித் தடித்த அடி உள்ளது. ரோட்டில் சுகமாக இருந்தது. காப்பிக் காட்டில் இறங்கியதும் கணுக்கால் பிசகி, மூன்று வாரம் நொண்டினீர்கள். அடுத்தது மலைப்பாதைக்கென்றே செய்தது. அதன் அடியில் துருத்தியிருந்த ரப்பர் முட்டுகள் தாரில் தட்டித் தட்டி முழங்கால் பிடித்துக்கொண்டது. வழியில் நின்று மாற்றிக்கொள்ளவா முடியும், இரண்டுக்கும் ஒரே ஷூ வேண்டும் என்றீர்கள். என் போனில் இருவரும் மாறி மாறித் தேடினோம். குதிகால் உயரம் இல்லாமல், விரல்கள் அகல விரிய இடம் விட்டு, சுருட்டினால் கைக்குள் அடங்குகிற மெல்லிய அடியோடு ஒரு வகை இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

அளவு பார்க்கப் பாதத்தை வரைந்து அளக்கச் சொல்லியிருந்தார்கள். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் உங்களை நிற்கவைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் உள்ளங்காலை யாரும் தொட முடியாது, கூச்சத்தில் எகிறிவிடுவீர்கள். அன்று பென்சில் முனை உங்கள் சுண்டுவிரலின் அடியில் அழுந்தக் குத்திவிட்டது. நீங்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே நின்றீர்கள். இன்னொரு முறை வேண்டுமென்றே குத்தினேன். அப்போதும் அசையவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"கால்ல மண்ணு தெரியறதில்ல புள்ள. ஒரு வருசமாச்சு" என்றீர்கள். "டாக்டருகிட்டச் சொல்லிப்போடாத. ஓடக் கூடாதும்பாரு. மெத்தச் செருப்பக் குடுத்து உக்கார வச்சுருவாரு."

நான் அழுதேன், திட்டினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். தினமும் சாயங்காலம் இரண்டு பாதத்தையும் என்னிடம் காட்ட வேண்டும் என்றேன். அடுத்த மாதம் சேலத்தில் டாக்டர் உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். நீங்கள் இமைகளைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்து, அவர் தொடும்போதெல்லாம் தெரிகிறது என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் இமை திறந்திருந்ததைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

போட்டுப் பார்த்து ஒன்றைத் திருப்பி அனுப்பலாம் என்று கேட்டிருந்த இரண்டு ஜோடியும் பார்சலில் வந்தன. இரண்டும் மெலிசுதான். ஒன்றில் மட்டும், கல்லும் முள்ளும் ஏறாமலிருக்க அடிக்குள் ஒரு தகடு வைத்திருந்தார்கள். வலது காலில் தகடு உள்ளதையும் இடது காலில் தகடு இல்லாததையும் போட்டுக்கொண்டு, குவார்ட்டர்ஸ் முன்னால் கொட்டியிருந்த ஜல்லியில் மெதுவாக நடந்தீர்கள். நான் தகடு உள்ளதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் இடது காலை மட்டும் ஜல்லிமேல் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தீர்கள்.

"இதுல கல்லு கொஞ்சம் தெரியுது புள்ள."

அதைச் சொன்னபோது உங்கள் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியவில்லை. நிஜமாகவே தெரிந்ததா, தெரிய வேண்டும் என்ற ஆசையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தகடு உள்ள ஜோடியைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, திருப்பி அனுப்பியது நான்தான்.

ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போயிற்று. முதல் சில வாரங்கள் ரோட்டில் ஆடுசதை இழுத்துப் பிடித்தது. தூரத்தைக் குறைத்துப் பிறகு கூட்டினீர்கள், நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். தினமும் சாயங்காலம் உங்கள் பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்கு விடாமல் பார்த்தேன். ஒரு முறை சின்னக் கொப்புளம், ஒரு முறை நகக்கீறல். இரண்டையும் ஆற்றிவிட்டேன். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பினேன்.

பிறகு சுதாவுக்குக் குடல்வால் ஆபரேஷன். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? காப்பி எடுப்பு நேரம், நீங்கள் எஸ்டேட்டை விட்டு வர முடியவில்லை. ஐந்து நாள் அங்கே இருந்தேன். முதல் மூன்று நாளும் போனில் காலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன், கண்ணாடி வைத்துப் பார்த்தேன் என்றீர்கள். நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டதில் கேட்க மறந்துவிட்டேன். ஐந்தாம் நாளும்தான்.

திரும்பி வந்து ஊட்டுக் கதவைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. நீங்கள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தீர்கள். குளிர் காய்ச்சல் என்றீர்கள். போர்வையை விலக்கிப் பார்த்தேன். வலது பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. ஷூவின் அடியில் பழைய வேலியின் முள்கம்பித் துண்டு ஒன்று ஏறி, உள்ளே அரை விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதை அணிந்துகொண்டு எத்தனை நாள் ஓடினீர்கள் என்று கேட்டதற்கு, மூன்று நாளாக ஷூ ஈரமாகவே இருந்தது, பனி என்று நினைத்தேன் என்றீர்கள்.

எஸ்டேட் ஜீப்பில் வளைவு வளைவாக இறங்கினோம். என் மடியில் தலை வைத்திருந்தீர்கள். சேலத்தில் முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று சொன்னபோது காலை முழங்காலோடு எடுக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். நீங்கள் நினைவோடு பேசியது அன்றுதான் கடைசி. "உம் மேல தப்பில்ல புள்ள. நாந்தான் கேட்டேன்" என்றீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டீர்கள்.

இந்த எட்டு மாதமும் சுதா உங்கள்மேல் கோபமாகவே இருந்தாள். காலில் உணர்ச்சி இல்லாததை நம்மிடம்கூட மறைத்துவிட்டாரே என்று வரும்போதெல்லாம் சொல்வாள். உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். செத்தவர்மேல் பழி போட்டுவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பென்சில் குத்தியது, டாக்டர் முன்னால் நான் வாய் மூடி நின்றது, தகடு உள்ள ஜோடியைத் திருப்பி அனுப்பியது, தினமும் பாதம் பார்த்தது.

அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"தெனமும் பாத்தீங்கன்னா அப்புறம் எப்படிங்கம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே யோசித்துவிட்டாள். அவள் கை தன் வயிற்றுக்கு, தையல் போட்ட இடத்துக்குப் போயிற்று. முகம் வெளுத்தது.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்த அஞ்சு நாளுங்களா?"

எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன், இதற்கு இல்லை. என் பாரத்தை இறக்கப் போய் அதை அவள் தலையில் ஏற்றப் பார்த்தேனே! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"இல்ல கண்ணு. சேலத்துக்குக் கெளம்பறதுக்கு மொத நாளே காயத்தப் பாத்துட்டேன். சின்னதுதானேன்னு உட்டுட்டேன்."

அவள் உரித்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு கையைக் கழுவினாள், பையை எடுத்தாள். வாசலில் நின்று, "பாத்துட்டு எப்படிங்கம்மா உட்டுட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் உங்கள் இரண்டு பாதமும் எவ்வளவு சுத்தமாக இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். நான்தான் துடைத்து, விரலிடுக்குக்கெல்லாம் பவுடர் போட்டேன். அதை அறிந்த இன்னொருவர் இந்த உலகத்தில் நீங்கள்தான். நீங்களும் இல்லை. எனக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை, சாட்சி வேண்டும் என்று கேட்கவும் வழியில்லை. அவள் என்னை வெறுக்கட்டும், தன்னை வெறுக்க வேண்டாம். ஆனால் அவளும் போய்விட்டால் இந்த ஊட்டில் நான் எப்படி இருப்பேன், ஏனுங்க?

சாயங்காலமானால் அவள் நம்பரை அழுத்துகிறேன். அடித்து அடித்து நிற்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கப்போகிறேன். அவள் இறங்கி வந்து மறுபடி கேட்டாலும், அதையேதான் சொல்வேன்.