குர்மீத் சிங் மாமாவிடமிருந்து வந்த ரிப்போர்ட்

பிரியமான அப்பா,

இன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் முதல் வேலையாக உங்கள் செல்போனைச் சார்ஜில் போட்டேன். நீங்கள் போன இந்த எட்டு மாதமும் அது அம்மாவின் வேலை. நேற்று மறந்துவிட்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு ஜலந்தரிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள்.

ஆமாம் அப்பா, உங்கள் பட்டாளத்துக் கூட்டாளி குர்மீத் சிங் மாமா கிடைத்துவிட்டார். பழைய பட்டாளத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ உங்கள் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் கூப்பிட்டார். முதலில் ரிப்போர்ட்டைச் சொல்லிவிடுகிறேன். சுகப்பிரசவம். பெண் குழந்தை. பெயர் சிம்ரன். தாயும் சேயும் நலம். சேய்க்கு இப்போது முப்பத்து நாலு வயது.

நீங்கள் ஹவில்தாராக ஓய்வுபெற்றுக் கிளம்பியபோது குர்மீத் மாமாவின் மனைவிக்கு ஆறாம் மாதம். ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவரிடம், நல்லபடியாகப் பிரசவம் ஆக ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினீர்கள். போடிக்கு வந்து பஜாரில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டோம், இரண்டு வீடு மாறினோம், அவருடைய முகவரி தொலைந்தது. ஜெபம் மட்டும் நிற்கவில்லை. தினமும் காலை ஐந்து மணிக்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டு, ஆள் கணக்கு சரிதானா என்று பார்த்துவிட்டு ஆரம்பிப்பீர்கள். "கர்த்தாவே, குர்மீத் சிங் சம்சாரத்துக்குச் சுகப்பிரசவம் தாரும்" என்ற வரி வந்ததும் தம்பி டேனியல் என் முழங்கையை இடிப்பான்.

"யப்பா, அந்தப் பிள்ளை இந்நேரம் பத்தாவது பரீட்சை எழுதியிருக்கும்ப்பா."

"ஒனக்கு ரிப்போர்ட் வந்துச்சாலே?"

"வரல."

"அப்பக் கண்ண மூடு."

அந்தப் பிள்ளை கல்லூரி போயிருக்கும் என்றோம், கல்யாணம் ஆகியிருக்கும் என்றோம். நீங்கள் மசியவில்லை. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் அந்த வரியை விடவில்லை. அப்போது நாங்கள் சிரிக்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல், அப்பா. அம்மாதான் செய்துவைத்திருக்கிறாள். மாமா கூப்பிட்டபோது அவள்தான் போனை எடுத்தாள். ராணுவக் குடியிருப்பில் கற்ற அந்த இந்தி எங்கே பதுங்கியிருந்ததோ, கடகடவென்று வந்தது. பேசி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

"அப்பாவைக் கேட்டாரா?"

"கேட்டாக. குளிச்சுக்கிட்டிருக்காகன்னு சொல்லிட்டேன்."

"அம்மா!"

"பின்ன என்னத்தா சொல்லச் சொல்ற? முப்பத்தி நாலு வருசங் கழிச்சுக் கூப்பிட்ட மனுசங்கிட்ட, எடுத்த எடுப்புலயே எழவு சொல்லவா?"

அடுத்த ஞாயிறு நீங்கள் சர்ச் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தீர்கள். அதற்கடுத்த ஞாயிறு மேகமலையில் ஏதோ எஸ்டேட்டுக்கு மோட்டார் பார்க்கப் போயிருந்தீர்கள். "அங்கன டவரே கெடைக்காது" என்று இந்தியில் விளக்கினாள் அம்மா. இந்த வயதிலும் மலையேறுகிறானா என்று மாமாவுக்கு ஒரே பொறாமை. மறுநாளிலிருந்து தானும் முழங்கால் வலியோடு காலை நடை கிளம்பப் போவதாகச் சொன்னார். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத உங்கள் பெயரில் மூன்று பொய்கள்!

போன வாரம் அதே பேச்சில் மாமா இன்னொன்றும் சொன்னார். சிம்ரனுக்கு இது ஒன்பதாம் மாதம். "அவனை ஜெபிக்கச் சொல்லுங்கள். போன தடவை பலித்தது" என்று சிரித்தார். அதோடு அம்மா வாயை ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டாள்.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்குச் சாவுச் சேதி சொல்லக் கூடாது. பேறுகாலம் ஆகட்டும்."

"அதுக்குள்ள வேற யாராவது சொல்லிட்டா?"

"யாரு சொல்லப் போறா? ஒன் வாயி சும்மா இருந்தாப் போதும்."

அம்மாவின் வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணமா? போனில் பேசும் அந்தப் பத்து நிமிடமும் அம்மாவின் குரல் மாறிவிடுகிறது. நீங்கள் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். கூட்டத்தில் இருக்கிறீர்கள். டவர் கிடைக்காத மலையில் இருக்கிறீர்கள். எப்படியும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவீர்கள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நான்காவது பொய்யாக என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கடமலைக்குண்டுக்காரர் ஒருவர் உங்கள் யூனிட்டில் இறந்த கதையை நேற்று அம்மாவே ஆரம்பித்தாள், வேறு ஏதோ பேச்சில். அப்போது லீவில் இருந்த நீங்கள், தந்தி போய்ச் சேருவதற்கு முன்னால் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள். திரும்பி வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். "யாரோ ஒரு தபால்காரன் வாயால அந்தத் தாய் கேக்கக் கூடாது" என்றீர்களாம். அம்மா அதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருக்கிறார்கள், அப்பா. என்றைக்காவது ஒருவர் உங்கள் படத்தைப் போட்டு, கீழே கும்பிடும் கையைப் போடுவார். காலை நடைக்கு ஷூ மாட்டிக்கொண்டே குர்மீத் மாமா அதைப் பார்ப்பார். முப்பத்து மூன்று வருடம் அவருக்காக ஜெபித்தவரின் வீட்டிலிருந்து அவருக்குக் கிடைப்பது அதுதானா?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அம்மாவிடமோ டேனியலிடமோ இன்னும் சொல்லவில்லை. இன்று நாலு மணிக்கு நான்தான் போனை எடுப்பேன். ராணுவக் குடியிருப்பில் படித்த என்னுடைய மூன்றாம் வகுப்பு இந்தியில், தப்பும் தவறுமாக, நானே சொல்லப் போகிறேன். சிம்ரனிடம் எப்போது சொல்வது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். அவரும் பட்டாளத்துக்காரர்தானே. அவர் அழுது முடிக்கும் வரை நான் போனை வைக்க மாட்டேன். அம்மா கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசாமல் இருப்பாள், பரவாயில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு வாய்விட்டு ஜெபிக்காதவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நாளை காலை ஐந்து மணிக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாக, சிம்ரன் பெயரைச் சொல்வேன். கர்த்தாவே, சிம்ரனுக்குச் சுகப்பிரசவம் தாரும். ஜலந்தரிலிருந்து பதில் வரும்வரை ஒரு நாளும் விடமாட்டேன், அப்பா. இது என் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
எஸ்தர்