உள்ளூர்ப் பக்கத்தில் ஓர் ஓட்டை

அக். 13, திங்கள்

காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மூட்டம். நூலகத்தில் கூரை ஒழுகும் இடங்களுக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். பதினொன்று. வாளி நான்குதான். மீதிக்குத் தன் வீட்டுக் குண்டான்களைக் கொண்டுவருவதாகப் பேச்சியம்மாள் சொன்னாள், கூட்டிப் பெருக்க வருகிறவள்.

சரித்திர அலமாரிக்கு மேலே விரிசல் பெரிதாகிவிட்டது. போன மழையில் சோழர்கள் மொத்தமாக நனைந்து உப்பிப் போனார்கள். பாண்டியர்கள் கீழ்த்தட்டில் இருந்ததால் தப்பினார்கள்.

மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்ட கடிதம் மூன்று. வந்த பதில் ஒன்று: புரவலர் எவரேனும் கிடைத்தால் முயலவும். கிடைத்துவிட்டார்! தங்கக்கெண்டி எண்ணெய்க் கம்பெனி. தீபாவளிக்கு முன் மொட்டை மாடி முழுக்கத் தகரக் கூரை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இதுவரை த.கெ. தந்தவை:
– நாற்காலி இருபது. முதுகில் கெண்டிப் படம்.
– 'அமைதி காக்கவும்' பலகை. கெண்டி ஒரு முழம், அமைதி ஒரு விரல்.
– தினமும் ஆறு செய்தித்தாள்.
– எனக்கு ஒரு லிட்டர் பாக்கெட். வேண்டாம் என்றேன், மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். முறுக்கு சுட்டாயிற்று.

நாற்காலியில் பெயிண்ட் காயவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழு பேர் முதுகில் கெண்டியோடு வீட்டுக்குப் போனார்கள்.

அக். 14, செவ்வாய்

தூறல். த.கெ. மேனேஜர் வந்தார். சின்ன வயது, ரொம்பப் பணிவு. படிப்பறைக்கு இனி 'தங்கக்கெண்டி அறிவரங்கம்' என்று பெயர். சரி என்றேன். சமையல் புத்தகங்களை வாசலுக்கு நேராக வைக்க வேண்டும். சரி. எண்ணெய் இல்லாமல் சமைப்பது பற்றி ஒரு புத்தகம் இருப்பதை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

"மேடம், அத மட்டும் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிடுங்களேன்."

கணித வழிகாட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன். இனி அதை யாரும் தொடப்போவதில்லை. கூரை, கூரை, கூரை. எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இன்றும் முதல் ஆள் முத்தையா அண்ணாச்சிதான். முக்கில் வடைக்கடை. மாலை நாலு மணிக்குக் கடை போடுவார், காலை எட்டரைக்கு இங்கே வந்துவிடுவார். உள்ளூர்ப் பக்கத்தை விளம்பரம் விடாமல், உதடு அசைய, முக்கால் மணி நேரம் படிப்பார். நடுவில் யாராவது பேப்பர் கேட்டால், "பொறும்வே, திசையன்வெளைக்கு இன்னும் வரல" என்பார். அந்த ஊர்ச் செய்தி கடைசிப் பத்தியில்.

அக். 15, புதன்

திறப்பதற்கு முன்பே போன். மேனேஜர்.

"மேடம், உள்ளூர்ப் பக்கத்துல நம்ம கம்பெனியப் பத்தி ஒரு சேதி போட்டிருக்கான். அத மட்டும் பைய எடுத்துருங்க."

"அதெப்படிங்க தம்பி?"

"நாங்க குடுக்க பேப்பர்தான மேடம். சனிக்கிழம தகரம் வந்து இறங்கிரும்."

ஆறு பேப்பரில் ஒன்றில் மட்டும் இருந்தது. த.கெ. எண்ணெயில் கலப்படமாம். தீபாவளிக்கு வந்த டின்களை வாங்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். கத்தரிக்கோலை எடுத்தேன். நான்தான். பேப்பர் கிழித்தவர்களைத் தெரு முனை வரை விரட்டிய நான். நாலு பக்கமும் நேராக வெட்டி, துண்டை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

பின்பக்கத்தைப் பார்க்கவில்லை, புத்திகெட்டவள். அங்கே வேலைவாய்ப்பு விளம்பரம். ஒன்பது மணிக்கு, அண்ணாச்சி விரித்துப் பிடித்திருந்த பேப்பரின் பின்பக்கத்தை எதிரிலிருந்து பார்த்து இசக்கிச்செல்வி (தேர்வுக்குப் படிப்பவள், குரல் மைக் செட்) கத்தினாள்: "தகுதி இருக்கு, வயசு இருக்கு, கடேசித் தேதி ஓட்டைக்குள்ள போயிட்டு!"

தேதியைச் செல்போனில் பிடித்துவிட்டார்கள். ஆனால் வெட்டியது யார்? பேப்பரை முதலில் தொட்டவர் வடைக்கடைக்காரர். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

"என்ன அண்ணாச்சி, வடை மடிக்க வேற தாளு கெடைக்கலையா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏலே, நான் எலையிலல்லா வச்சுக் குடுக்கேன்! நான் வரும்போதே ஓட்டையாத்தான்டே கெடந்துச்சு." யாரும் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களாவது சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன்? "எல்லாரும் சத்தம் போடாம உக்காந்து படிங்க." இவ்வளவுதான் சொன்னேன். அண்ணாச்சி பேப்பரை மடித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திசையன்விளையைப் படிக்கவில்லை.

அக். 16, வியாழன்

நல்ல மழை. வட்டம் பதினான்கு. அண்ணாச்சி வரவில்லை. உள்ளூர்ப் பக்கம் பத்து மணி வரை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

பேச்சியம்மாள் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டே: "அண்ணாச்சி அப்படி ஆளு இல்லம்மா. தாளக் கிழிச்சுட்டு அவரு மேல பழியப் போட்டவன் கை வெளங்குமா?"

கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அக். 17, வெள்ளி

நூலகம் விடுமுறை. துணி துவைத்தேன், காயவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் டிராயர்தான் ஞாபகத்தில் வருகிறது. எனக்காகவா செய்தேன், புத்தகத்துக்காகத்தானே என்று சொல்லிப் பார்த்தேன். மனசு ஒத்துக்கொள்ளவில்லை. வெட்கமாக இருக்கிறது. மேனேஜர் போன்: நாளை பதினோரு மணிக்கு லாரி, பூமாலை போட ஆள் வைக்கவும்.

அக். 18, சனி

ஏழரைக்கே திறந்தேன். துண்டை அதே பக்கத்தில் பசை போட்டு ஒட்டி, அறிவிப்புப் பலகையில் மாட்டினேன். கீழே: 'இதை வெட்டியவர் நூலகர். முத்தையா அண்ணாச்சி அல்ல.' கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை. முத்திரையை இரண்டு தடவை குத்தினேன்.

பிள்ளைகள் படித்தார்கள். இசக்கிச்செல்வி மட்டும், "நீங்களா மேடம்?" என்றாள். அந்த மைக் செட் குரல் கிசுகிசுத்து நான் கேட்டதே இல்லை.

பதினோரு மணிக்கு லாரி. மேனேஜர் இறங்கினார், பலகையைப் படித்தார், வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். தகரம் இறங்கவில்லை. நாற்காலிகளையும் ஏற்றச் சொன்னார். பிள்ளைகள் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. லாரிக்காரர் பீடி குடித்து முடிக்கும் வரை பார்த்தார். போய்விட்டார்கள். கூரை போயிற்று.

சாயங்காலம் வடைக்கடைக்குப் போனேன். தீபாவளிக் கூட்டம், வரிசை தெரு வரை. அண்ணாச்சி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வடை தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "வெட்டுனது நான்தான் அண்ணாச்சி" என்றேன். பலகையிலிருந்து எடுத்துப் போன பேப்பரை நீட்டினேன். கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அடுப்பு வெளிச்சத்தில் உதடு அசையப் படித்தார். வழக்கத்தைவிட மெதுவாக.

கோபப்படுவார், திட்டுவார் என்று தயாராக நின்றேன். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்தார். கெண்டிப் படம். பாதிக்கு மேல் காலி.

"நேத்துதான் மேடம் வாங்குனேன். புதன்கெழம இதப் படிச்சிருந்தா வாங்கிருப்பனா? ரெண்டு நாளா ஊருக்கே இதுலல்லா சுட்டுப் போட்டுருக்கேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வரிசையிலிருந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று குரல். இன்றைக்கு வடை கிடையாது என்று நான்தான் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். பேப்பரைக் கையில் எடுத்து, சத்தமாக, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.