ராஜா கட்சிக்கும் காட்டுக் கட்சிக்கும் நடுவே நீ

என் பிரியத்துக்குரிய செல்வம் மச்சான்,

நீ போய் ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. சவூதியில், தம்மாம் கேம்ப்பில் நம் ரூம் அப்படியேதான் இருக்கிறது. உன் கட்டிலில் இப்போது நான்தான் படுக்கிறேன். ஏசிக்கு நேர் எதிரே இருக்கிற இடத்தை வேறு எவனுக்கு விட்டுக்கொடுப்பேன்? உன் தங்கச்சி சௌக்கியம். உன் பேச்சை எடுத்தால் மட்டும் போனை வைத்துவிடுகிறாள்.

நேபாளத்தில் சண்டை நின்றுவிட்டது, மச்சான். ராஜாவை எதிர்த்துக் காட்டிலிருந்து சண்டை போட்டவர்களும் அரசாங்கமும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ராஜா இருப்பாரா போவாரா என்பதை மட்டும் தேர்தலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். நடக்கும் நடக்கும் என்று நீ சொன்னபோதெல்லாம், இவனுகளாவது சமாதானமாவது என்று சிரித்தவன் நான்.

அப்படிச் சிரிக்க எனக்குக் காரணம் இருந்தது. நம் ரூமிலேயே நேபாளம் இரண்டாகக் கிடந்ததே! பூர்ணாவின் தம்பி ராஜாவின் பட்டாளத்தில். தில்லின் தங்கச்சி துப்பாக்கி தூக்கிக்கொண்டு காட்டில். பூர்ணாவுக்கும் தில்லுக்கும் ஒரே மாவட்டம், ஒரே சந்தை. ராஜா ஆட்சியை மொத்தமாகத் தன் கையில் எடுத்துக்கொண்ட அன்று வாய்ச்சண்டை முற்றி, அதோடு பேச்சு நின்றது. ஒரே ரூம், கட்டட வேலையில் ஒரே சாரம், ஆனால் எதுவானாலும், "அவன்கிட்ட சொல்லுங்க பாய்" என்று, அண்ணன் முறை வைத்து, உன் வழியாகத்தான்.

நீ எதையாவது சொன்னபடி கொண்டுபோனாயா? கொலைகாரக் கூட்டத்துக்காரன் என் சட்டியைத் தொடக்கூடாது என்பான் பூர்ணா. நீ தில்லிடம் போய், பூர்ணா சட்டியைக் கழுவி வைத்திருக்கிறான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னான் என்பாய். ராஜாவுக்குக் கால் கழுவுகிறவன் என்று தில் திட்டினால், அது பூர்ணாவிடம் போய்ச் சேரும்போது, உனக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டதாகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது தூது இல்லை, பித்தலாட்டம் என்று ஒருநாள் உன்னைப் பிடித்து உலுக்கினேன்.

"மாப்ள, சொன்னதச் சொல்றதுக்கு ரேடியோ இருக்கு. நான் எதுக்கு?" என்றாய்.

நீ தூக்கத்திலேயே போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான்தான் அரிச்சந்திரன் பரம்பரை ஆயிற்றே! திட்டினால் திட்டினபடி, ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டே வாரத்தில் ரூமில் இரண்டாவது அடுப்பு வந்தது. ஒரே பருப்பு, ஒரே சோறு, இரண்டு பானை. என் பங்குக்கு நான் இரண்டிலும் சாப்பிட்டேன். அதில் குறை வைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பூர்ணாவுக்கு ஊரிலிருந்து தகவல் வந்தது. அவன் தம்பி இருந்த முகாமைக் காட்டுக்காரர்கள் தாக்கியிருக்கிறார்கள். செத்தவர்களில் அவன் இல்லை, திரும்பியவர்களிலும் இல்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். தில் ஒரு வார்த்தை சொன்னால் அவன் தங்கச்சி விசாரிப்பாள். கேம்ப்பில் எல்லோருக்கும் புரிந்த விஷயம் இது. ஆனால், செத்தாலும் அவனிடம் கேட்க மாட்டேன் என்றான் பூர்ணா. டியூட்டி முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். மாதங்கள் போயின. சமாதானக் கையெழுத்து வந்த அன்றுகூட அவன் எழுந்து உட்காரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தில் துணி பிழிந்துகொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தில், பூர்ணா கேக்கச் சொன்னான். அவன் தம்பி உசுரோட இருக்கானான்னு உன் தங்கச்சிகிட்ட விசாரிக்க முடியுமான்னு."

அவன் பிழிவதை நிறுத்தவில்லை. "அவனே சொன்னானா?"

"அவனே சொன்னான்."

மச்சான், வயது நாற்பது ஆகிறது, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பொய்யை முழுசாகச் சொன்னேன். அதற்கப்புறம் மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாவுச் செய்தி வந்தால் பூர்ணாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? உனக்கு இந்தப் பயமெல்லாம் இருந்ததா? இருந்தும் சிரித்துக்கொண்டே திரிந்தாயா?

நாலாவது வெள்ளிக்கிழமை தில் வெளியிலிருந்து யாரிடமோ போனில் பேசியபடியே ரூமுக்குள் வந்தான். நேராகப் பூர்ணாவின் கட்டிலுக்குப் போய், போனை அவன் காதில் வைத்தான். பூர்ணா தட்டிவிடப் போனான். அதற்குள் மறுமுனையில் குரல் கேட்டுவிட்டது. அவன் தம்பி! காட்டுக்காரர்கள் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டார்களாம். பட்டாளம் ஓடுகாலி என்று தண்டிக்குமோ என்று பயந்து, எல்லை தாண்டி பீகாரில் ஒளிந்திருக்கிறான். தில்லின் தங்கச்சி ஆள் விட்டுத் தேடி, தானே அவனைப் போன் கடைக்குக் கூட்டி வந்திருக்கிறாள். பூர்ணா "பேசு, பேசு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. நான் கதவுக்கு வெளியே போய் அழுதேன்.

தில் பின்னாலேயே வந்து, பூர்ணா கேட்கச் சொல்லவில்லை என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்றான்.

"செல்வம் பாய் சொன்னதெல்லாம்கூடப் பொய்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வந்து என்ன சொல்லப்போறார்னு தினமும் காத்திருப்போம்."

இதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னைப் பித்தலாட்டக்காரன் என்றேனே, என்னை மன்னித்துவிடு.

பூர்ணாவும் தில்லும் இப்போதும் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். ராஜா இருப்பார் என்று இவன், மூட்டை கட்டுவார் என்று அவன். ஆனால் முகத்துக்கு நேரே. அந்த நாடும் இப்படியே பேசிப் பேசித் தேறிவிடும், எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து ரூமில் பெங்காலிக்காரர்கள் இரண்டு பேர் நேற்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் நான் நடுவில் போய் நிற்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், ஒரு வார்த்தையைக்கூட உள்ளபடி கொண்டுபோக மாட்டேன்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் மாப்பிள்ளை
முருகேசன்